வாயைப் பார்த்து மருந்து வாங்குங்கள்!

வேளாண் விரிவாக்க மையத்துக்கு வரும் விவசாயிகள் பெரும்பாலும் கையில் ஓர் இலையோ காயோ கொண்டுவருவார்கள். அதை மேசையில் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘சார், இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்த இலையில் வாய் வைத்தது எது? அதன் வாய் எப்படிப்பட்டது?

இது வெறும் படிப்பு விஷயம் அல்ல. தவறான மருந்துக்குப் போகும் பணம், தெளிப்பு ஆளுக்குப் போகும் கூலி, வீணாகிற நான்கைந்து நாட்கள், கூடவே செத்துப்போகிற நன்மை செய்யும் பூச்சிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன. பூச்சியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதன் வாய் எந்த வகை என்று தெரிந்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும், அதன் வாய் விட்டுச்சென்ற தடம் இலையில் இருக்கும்.

கடித்துத் தின்னும் வாய்

புழுக்கள், வண்டுகள், வெட்டுக்கிளிகள், கரையான்கள் இந்த வகை. இவற்றுக்குப் பக்கவாட்டில் அசையும் இரண்டு கெட்டியான தாடைகள் உண்டு. நமக்கு வாய் மேலும் கீழுமாக அசையும். இவற்றுக்குக் கத்தரிக்கோல் போல இடமும் வலமுமாக அசையும். எனவே தடமும் தெளிவாக இருக்கும். இலையில் ஓட்டை, விளிம்பில் கடித்த வெட்டு, காயில் துளை, பக்கத்தில் புழுவின் எச்சம்.

மக்காச்சோளத்தில் படைப்புழுவைப் பாருங்கள். 2018-ல் நம் நாட்டுக்குள் நுழைந்த இந்தப் புழு, முட்டையிலிருந்து வந்த புதிதில் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். அந்த இடம் வெள்ளைக் கண்ணாடித்தாள் ஒட்டியது போலத் தெரியும். தாடை வலுத்த பிறகு குருத்துக்குள் இறங்கி இலைகளைத் துளைக்கும். குருத்தில் மரத்தூள் போல எச்சம் குவிந்திருக்கும். வெள்ளைத் திட்டு தெரியும்போதே நடவடிக்கை எடுத்தால் செலவு குறைவு. மரத்தூள் தெரிந்த பிறகு இலைமேல் எவ்வளவு அடித்தாலும் குருத்துக்குள் மருந்து விழாவிட்டால் பயன் இல்லை.

நெல் தண்டுத்துளைப்பான், கத்தரி தண்டு மற்றும் காய்த்துளைப்பான் ஆகியவையும் கடித்துத்தான் உள்ளே போகின்றன. முட்டை பொரித்து வெளியே வந்த புழு, தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகும் வரை கிடைக்கும் குறுகிய நேரம்தான் நமக்கு வாய்ப்பு. உள்ளே போய்விட்டால், மேலே தெளிக்கும் மருந்துக்கும் அதன் வாய்க்கும் தொடர்பே இல்லை.

ஊசி வாய்

அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, நெல்லில் புகையான், கதிர் நாவாய்ப்பூச்சி ஆகிய எல்லாம் இந்த இனம். இவற்றுக்குக் கடிக்கும் தாடை கிடையாது. அதே தாடை உறுப்புகள்தான் நீண்டு, தலைமுடியைவிட மெல்லிய நான்கு ஊசிகளாக மாறியிருக்கின்றன. நான்கும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் உறைக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டும்போது நடுவில் இரண்டு குழாய்கள் உண்டாகும். ஒரு குழாய் வழியாகப் பூச்சியின் உமிழ்நீர் செடிக்குள் போகும். இன்னொன்றின் வழியாகச் சாறு மேலே வரும்.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விஷயங்களைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, இலையில் ஓட்டை விழாது. மஞ்சளாகும், சுருளும், வாடும். புகையான் தாக்கிய நெல் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீய்ந்தது போல ஆகும். கதிர் நாவாய்ப்பூச்சி பால் பிடிக்கும் மணியில் ஊசியை இறக்குவதால் நெல் பதராகும்.

இரண்டாவது, செடிச்சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச்சத்து குறைவு. தேவையான சத்து கிடைக்கப் பூச்சி நிறையச் சாறு குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரையைக் கழிவாக வெளியேற்றுகிறது. இலைமேல் பிசுபிசுப்பும், எறும்பு நடமாட்டமும், அதன்மேல் படரும் கரும்பூசணமும் இதனால்தான். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால், மேலே ஊசி வாய்க்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது, செடிக்குள் போகும் உமிழ்நீரோடு வைரஸும் போகும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், உளுந்தில் மஞ்சள் தேமல் ஆகியவற்றை வெள்ளை ஈ பரப்புகிறது. நெல்லில் துங்ரோ நோயைப் பச்சைத் தத்துப்பூச்சியும், வாழையில் முடிக்கொத்து நோயை வாழை அசுவினியும் பரப்புகின்றன. வைரஸ் வந்த செடியை மருந்தால் மீட்க முடியாது. பிடுங்கி அழிப்பதுதான் வழி.

இதனால் மருந்தில் என்ன மாறுகிறது?

இலைமேல் படிந்து, தின்றால் மட்டும் கொல்லும் மருந்தைக் குடல் நஞ்சு என்கிறோம். கடித்துத் தின்னும் புழு, இலையோடு சேர்த்து அதையும் தின்றுவிடும். ஊசி வாய்ப்பூச்சி இலையின் மேற்பரப்பைத் தின்பதே இல்லை. மருந்துப் படலத்தைத் தாண்டி ஊசியை உள்ளே இறக்கிச் சாறு குடித்துக்கொண்டிருக்கும். அதற்குச் சாற்றோடு கலக்கும் ஊடுருவிப் பாயும் மருந்தோ, உடம்பில் பட்டுக் கொல்லும் தொடு நஞ்சோ தேவை.

இது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த பாடம். 1860-களில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்குப் பாரிஸ் கிரீன் என்ற ஆர்செனிக் நஞ்சைத் தூவினார்கள். இலையைத் தின்ற வண்டுகள் செத்தன. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது எடுபடவில்லை. அவற்றுக்கு மண்ணெண்ணெயையும் சோப்பையும் கலந்து, உடம்பில் படும்படி அடிக்க வேண்டியிருந்தது.

இன்று விற்கும் பல மருந்துகள் குடல் நஞ்சாகவும் தொடு நஞ்சாகவும் சேர்ந்தே வேலை செய்பவை. ஆனாலும் உயிரியல் மருந்துகளில் இந்த வேறுபாட்டை மறக்கவே கூடாது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தும், பச்சைக் காய்ப்புழுவுக்கான என்.பி.வி. வைரஸ் கரைசலும் புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். எனவே இளம் புழுப்பருவத்தில், மாலை நேரத்தில், இலை நன்றாக நனையும்படி அடிக்க வேண்டும். அசுவினிக்கு இவற்றை அடித்தால் காசுதான் வீண். பவேரியா, வெர்டிசீலியம் போன்ற பூஞ்சண மருந்துகளுக்கு வாயே தேவையில்லை. பூச்சியின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வெர்டிசீலியத்தைப் பரிந்துரைக்கும் காரணம் இதுதான். அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும்.

சுரண்டிக் குடிக்கும் இலைப்பேன்

இலைப்பேனின் வாய் விசித்திரமானது. இடது தாடை மட்டும்தான் வளர்ந்திருக்கும். வலது தாடை வளராமல் நின்றுவிடும். அந்த ஒற்றைத் தாடையால் இலையின் தோலைக் குத்திக் கிழித்து, கசிகிற சாற்றைக் குடிக்கும். காலியான செல்களில் காற்று நிறைவதால் அந்த இடம் வெள்ளிப்பூச்சு போல மினுங்கும். 2021-ல் ஆந்திரா, தெலங்கானாவில் மிளகாய்த் தோட்டங்களைப் பெருமளவில் அழித்த கருப்பு இலைப்பேன், பூக்களுக்குள் புகுந்து பூ உதிரச் செய்தது.

மிளகாயில் இலை சுருண்டாலே ‘இலைப்பேன்’ என்று முடிவு செய்துவிடுகிறோம். சுருட்டைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

இலை விளிம்பு மேல்நோக்கி, படகு போல மடிந்தால் இலைப்பேன்.

விளிம்பு கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல மடிந்து, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி.

இலைகள் சிறுத்து, நரம்பு தடித்து, செடி குட்டையாகிக் கொத்தாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்.

ஒரு மிளகாய்த் தோட்டத்தில் கடையில் கொடுத்த இலைப்பேன் மருந்தை மூன்று முறை அடித்திருந்தார்கள். சுருட்டை நிற்கவில்லை. நான்காவது மருந்துக்குக் கடன் வாங்கும் நிலையில் அந்த வீட்டு அம்மா இலையைக் கொண்டுவந்தார். விளிம்பு கீழ்நோக்கி இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, கொழுந்தின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. ‘இது பூச்சியே இல்லம்மா, சிலந்தி’ என்றேன். சிலந்தி எட்டுக்கால் இனம். ஊசி போன்ற வாயால் சாறு குடிக்கும் என்றாலும், பூச்சிக்கான பல மருந்துகள் அதற்குக் கேட்காது. நனையும் கந்தகம் போன்ற சிலந்திக்கான மருந்துதான் தேவை. பூச்சி மருந்தை அடிக்க அடிக்க, சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திகளும் வண்டுகளும் செத்து, கெட்ட சிலந்தி இன்னும் பெருகும். சரியான மருந்தை அடித்த பிறகு வந்த கொழுந்து நேராக வந்தது. முன்பு வீணான மூன்று தெளிப்புக்கான செலவு மட்டும் திரும்பி வரவில்லை.

வயது மாறினால் வாயும் மாறும்

புழு தின்னும், அதுவே அந்துப்பூச்சியானதும் குடிக்கும். கடிக்கும் தாடை மறைந்து, கடிகாரச் சுருள் போன்ற உறிஞ்சுகுழல் வந்துவிடும். எனவே விளக்குப்பொறியில் விழும் அந்துப்பூச்சி உங்கள் இலையைத் தின்றது அல்ல. அடுத்த தலைமுறைப் புழுவுக்கு முட்டையிட வந்தது. இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சி எண்ணிக்கை கூடினால், சில நாட்களில் புழு வரும் என்று அர்த்தம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் முனை கெட்டியாக, முள்ளோடு இருக்கும். இரவில் வந்து சாத்துக்குடி, ஆரஞ்சு, மாதுளைப் பழங்களைத் துளைக்கும். அந்த ஓட்டை வழியாகப் பழம் அழுகும். இதன் புழு பழத்தைத் தொடுவதில்லை. சீந்தில் போன்ற காட்டுக் கொடிகளில் வளர்கிறது. தோட்டத்தைச் சுற்றியுள்ள அந்தக் கொடிகளை அகற்றுவதும், பழத்துக்கு உறை போடுவதும் நல்ல பலன் தரும்.

தென்னையில் காண்டாமிருக வண்டு இதற்கு நேரெதிர். வளர்ந்த வண்டுதான் குருத்தைத் துளைத்து மென்று, நாரை வெளியே தள்ளும். மட்டை விரிந்ததும் விசிறி போல வெட்டுத் தெரியும். அதன் புழு எருக்குழியில் மக்கிய பொருளைத் தின்று வாழும். வண்டைக் குருத்தில் தேடுகிற அதே நேரம், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். மெட்டாரைசியம் பூஞ்சணத்தை எருக்குழியில் இடுங்கள். நிலக்கடலையில் வெள்ளை வேர்ப்புழு வேரைத் தின்னும். அதன் வண்டு கோடை மழைக்குப் பின் இரவில் வேப்பிலை தின்ன வரும். அப்போது கிளையை உலுக்கி விழும் வண்டுகளை அழித்தால், அடுத்து வரும் புழு குறையும்.

அரம் போன்ற நாக்கும், பல்லே இல்லாத வாயும்

மழைக்காலத்தில் வாழை, காய்கறி நாற்று, செண்டுமல்லியைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை பூச்சி அல்ல. அதன் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையாக இருக்கும். அரத்தால் தேய்ப்பது போல இலையைச் சுரண்டும். பக்கத்தில் காய்ந்த சளிக்கோடு இருந்தால் நத்தை. இதற்குப் பூச்சி மருந்து அடிப்பது வீண். மாலையில் ஈரச் சாக்கு, முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை ஆகியவற்றை வரப்போரம் போட்டு, காலையில் அடியில் பதுங்கும் நத்தைகளைக் கையுறையோடு பொறுக்கி, உப்புக்கரைசலில் போட்டு அழியுங்கள். தெருவே சேர்ந்து பொறுக்கினால்தான் குறையும்.

மண்புழுவுக்குத் தாடையும் இல்லை, பல்லும் இல்லை. மக்கி மென்மையானதை உறிஞ்சி விழுங்கி, வயிற்றில் உள்ள அரைவைப்பையில் மணல் துகளோடு சேர்த்து அரைக்கும். எனவே மண்புழு உரத்தொட்டியில் பச்சைக் கழிவை நேரடியாகப் போடாமல், சாணத்தோடு சேர்த்து முன்கூட்டியே மக்கவிட்டுப் போட வேண்டும்.

நமக்காக வேலை செய்யும் வாய்கள்

பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியைக் கடித்துத் தின்னும். பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சியின் புழு, உள்ளே குழாயுள்ள அரிவாள் தாடையால் பூச்சியைக் குத்தி உறிஞ்சிவிடும். நெல் வயல் சிலந்தி, இரையின் உடலைக் கரைத்துக் குடிக்கும்.

2008-ல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மேலே மெழுகுப் பூச்சு இருந்ததால் எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி முட்டையிட, அதன் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றது. மருந்தால் முடியாத வேலையைக் கண்ணுக்குத் தெரியாத அந்த வாய் முடித்தது. கண்டபடி மருந்து அடிக்கும் தோட்டத்தில் இப்படிப்பட்ட குளவி பிழைக்காது.

தேனீக்குக் கடிக்கும் தாடையும் உண்டு, தேனை நக்கும் நாக்கும் உண்டு. தாடையால் மெழுகைப் பிசையும், பயிரைத் தின்னாது. ஆனால் ஊடுருவிப் பாயும் மருந்து பூந்தேனுக்குள்ளும் மகரந்தத்துக்குள்ளும் போகும். பூக்கும் பருவத்தில் அதைத் தவிர்த்தால்தான் காய்ப்பிடிப்பு இருக்கும்.

வாசகர் கேள்விகள்

*பி.டி. பருத்தி போட்டும் வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் வருகின்றனவே, ஏன்?*

2002-ல் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் உள்ள நஞ்சு, செடியைத் தின்னும் காய்ப்புழுவின் குடலில் வேலை செய்வது. சாறு உறிஞ்சுபவற்றுக்காக அது உருவாக்கப்படவில்லை. அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஏக்கருக்கு 5 முதல் 10 மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துக் கண்காணியுங்கள்.

*வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லா வாய்க்கும் கேட்குமா?*

பெரும்பாலும் கேட்கும். புழுக்களுக்குத் தின்னப் பிடிக்காமல் செய்யும்; இளம் பருவப் பூச்சிகள் தோல் உரிப்பதைத் தடுக்கும்; முட்டையிட வருவதையும் குறைக்கும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் சக்தி குறையும் என்பதால் 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். ஏற்கெனவே பெருகிவிட்ட பூச்சியை உடனே கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

*பாகற்காயில் மருந்து அடித்தும் உள்ளே புழு இருக்கிறதே?*

பழ ஈ காயைக் கடிக்காது. அதன் வாய் பஞ்சு போல ஒற்றி எடுப்பது. முட்டையிடும் ஊசியால் காயைக் குத்துகிறது. காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து தொடாது. கியூ லூர் பொறி வைத்து ஆண் ஈக்களைப் பிடியுங்கள். மா, கொய்யாவுக்கு மீதைல் யூஜினால் பொறி. அழுகி விழுந்த காய்களைத் தினமும் எடுத்து ஆழப் புதையுங்கள்.

*புகையானுக்கு அடித்த பிறகு புகையான் அதிகமாகிவிட்டதே?*

செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் சிலந்தியையும் மற்ற எதிரிகளையும் கொன்று, புகையானைப் பெருக்கிவிடும். அவற்றைத் தவிருங்கள். புகையான் தூரின் அடியில் ஊசி இறக்கி உட்கார்ந்திருக்கும். இலை நுனியில் மருந்து அடித்துப் பயன் இல்லை. முதலில் தண்ணீரை வடியுங்கள். அளவுக்கு மேல் யூரியா போடாதீர்கள். அடுத்த நடவில் 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுங்கள். மருந்து தேவைப்பட்டால் தூரில் படும்படி அடியுங்கள்.

*தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு வேரில் மருந்து கட்டலாமா?*

2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தெரியவந்த இந்தப் பூச்சிக்கு ரசாயன மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. என்கார்சியா என்ற குளவி இதை ஒட்டுண்ணியாக இருந்து அழிக்கிறது. ஒட்டுண்ணி உள்ள ஓலைகளை வெட்டி எரிக்காதீர்கள். விசைத் தெளிப்பானால் ஓலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை கலந்து தெளித்தால், காய்ந்ததும் உரிந்து விழும்.

*கடையில் ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று மூன்று மருந்தைக் கலந்து கொடுக்கிறார்களே?*

எந்த வாய் என்று தெரியாதபோதுதான் எல்லா வாய்க்கும் சேர்த்து மருந்து வாங்கத் தோன்றும். டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் உங்கள் பயிரின் பெயரும் பூச்சியின் பெயரும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைக் காட்டுவது. பூச்சிக்கு எவ்வளவு கேட்கும் என்பதை அல்ல. சிவப்பு முக்கோணம் என்றால் ‘பவர் மருந்து’ என்று நினைக்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கை லென்ஸ், ஒரு மருந்து டப்பாவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாரம் இரண்டு நாள், காலையில், தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து ஐந்து செடிகளைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையா, பிசுபிசுப்பா, வெள்ளிப்பூச்சா, சளிக்கோடா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடும் பாதித்த இலையோடும் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கு வாருங்கள்.